நிலவுக்குப் போன சண்டை

"இன்னும் கொஞ்சம் நிமித்தும்," என்றார் நீக்கிலாஸ்.

மனைவி அருள்நாயகி பொத்தானை அழுத்தினாள். கனடாவில், மல்வேர்னில் இருந்த அவர்களுடைய வீட்டில் சோபாவின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரிக் கட்டில் முனகியபடி அவருடைய தலையை உயர்த்தியது.

"காணும். இதுக்கு மேலை நிமித்தினா சரிஞ்சு விழுவியள்."

"பல்லைக் கொண்டு வாரும்."

"கஞ்சி குடிக்கவே பல்லுப் போடாத மனிசன்..."

"கஞ்சியோடை ஆர் சண்டை பிடிக்கிறது? தில்லை வாறான்."

காலையில் வந்த தாதி, மகள் கரோலினைக் குசினிக்குள் கூப்பிட்டு, இன்றோ நாளையோ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். குசினிக்கும் கட்டிலுக்கும் இடையில் ஒரு மெல்லிய சுவர்தான். எல்லாம் கேட்டிருக்கும். அதைப் பற்றி அந்த வீட்டில் கவலைப்படாத ஒரே ஆள் நீக்கிலாஸ்தான். அவருக்கு அன்று வேறு அலுவல் இருந்தது.

பார்க்டேலில் அவரும் கூட்டாளி தில்லையம்பலமும் ஒரே உணவகத்தில் சட்டி கழுவிய காலத்தில் தொடங்கிய சண்டை அது. தில்லையம்பலத்தின் தகப்பன் செங்கொடிக்காரர். ககாரின் விண்வெளிக்குப் போனதைத் தில்லை, சொந்தச் சித்தப்பா போய்வந்ததுபோலச் சொல்லுவார். ஆனால் அமெரிக்கன் நிலவில் இறங்கியது மட்டும் ஸ்ரூடியோவில் எடுத்த படம். நீக்கிலாசுக்கோ நாடு ஒரு பொருட்டில்லை. ஏறி இருந்தவர்கள்தான் பொருட்டு. "ரொக்கெற் ஒண்டொண்டாய் வெடிச்சதைக் கண்ணாலை பார்த்துப்போட்டு, அடுத்ததிலை போய் ஏறி இருந்தவங்களடா. அவங்களைப் பொய்யன் எண்டு சொல்லாதை!" இத்தனைக்கும் நீக்கிலாஸ் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் விமானம் ஏறியவர். அதுவும் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் தள்ளி ஏற்றியது. கனடா வந்து சேரும்வரை கண்ணைத் திறக்காமல் செபமாலை சொன்ன மனிதர்தான் உலகத்துத் துணிச்சலான விமானிகளுக்கெல்லாம் சட்டத்தரணி.

சோவியத் யூனியன் உடைந்தது. சண்டை உடையவில்லை. தில்லை பிக்கரிங்கில் வீடு வாங்கிப் போனபிறகும் ஞாயிறு தவறாமல் நடந்தது. இரு வல்லரசுகளுக்கும் தேத்தண்ணி வழங்கியது அருள்நாயகி.

முதல் நாள், சனிக்கிழமை பின்னேரம், அவள்தான் தில்லைக்குத் தொலைபேசி எடுத்தாள். "அண்ணை, ஒருக்கா விட்டுக் குடுங்கோ. மனிசன் சந்தோசமாய்ப் போகட்டும்."

தில்லையம்பலம் வந்தார். ஜாக்கெற்றைக் கழற்ற மறந்து, கட்டிலின் கால்மாட்டில் நின்றார். போர்வைக்குள் ஆளைத் தேடவேண்டியிருந்தது.

"மச்சான்," என்றார். "யோசிச்சுப் பார்த்தன். நீ சொன்னதுதான் சரி. போனவங்கள்."

அருள்நாயகி கணவரின் முகம் மலரக் காத்திருந்தாள். அது மலரவில்லை.

"என்னத்தைக் கண்டு மனம் மாறினனீ?"

"இல்லை... சும்மா..."

"சும்மா?"

தில்லையம்பலத்தின் கண் அருள்நாயகியிடம் ஓடியது. அவ்வளவுதான். நீக்கிலாசுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"சாகப்போறவனுக்கு இனிப்புக் குடுக்கிறியோ? மூண்டு பேர் ரொக்கெற் நிலத்தை விட்டுக் கிளம்ப முன்னமே உள்ளுக்கை எரிஞ்சு செத்தவங்கள். அதுக்குப் பிறகும் மற்றவங்கள் ஏறினவங்கள். நீ பாவம் பார்த்து ஓமெண்டு சொல்லுறதுக்கோ ஏறினவங்கள்? போடா! நாளைக்கு வா. எதிர்த்துக் கதைக்கிறதெண்டா மட்டும் வா."

இவ்வளவையும் சொல்லி முடிக்க அவருக்கு நெடுநேரம் எடுத்தது. தில்லையம்பலம் போனபிறகு, மனைவியின் பக்கம் திரும்பாமலே, "தலைமாட்டைப் பதிச்சு விடும்," என்றார்.

பல்லைக் கழற்ற விடவில்லை. விடிந்தபோது, பல்லோடேயே போய்விட்டிருந்தார்.

உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் ஆட்கள் வரிசையாக வந்து, மிக அமைதியான மனிதர் என்று அருள்நாயகியிடம் சொன்னார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவள் மனதில் ஓடியதெல்லாம் ஒன்றுதான்: கடைசி ஞாயிற்றுக்கிழமையை அவரிடமிருந்து பறித்தது நான்.

வரிசையில் தில்லையம்பலத்தின் முறை வந்தது. அவர் கும்பிடவில்லை. பெட்டிக்குள் குனிந்து, தொண்டையைச் செருமினார்.

"ஒருத்தனும் போகேல்லை!"

செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் நின்றார்கள்.

"முழுக்கப் படம்! கேக்குதோ? நாளைக்கு வா எண்டனீ. இந்தா, வந்திட்டன்."

கரோலின் ஓடிவந்து அவருடைய கையைப் பிடித்தாள். "அங்கிள், ப்ளீஸ், இஞ்சை வேண்டாம். அம்மா, இவரை வெளியிலை கூட்டிக்கொண்டு போகட்டோ?"

அருள்நாயகி எழுந்தாள்.

அந்தச் சண்டையில் அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. சொல்ல ஒன்றுமில்லாமல் அல்ல. பார்க்டேலில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த ஒருநாள் அவளுக்கு ஒரு கேள்வி தோன்றியது. கேட்டிருந்தால் சண்டை அன்றைக்கே முடிந்திருக்கும். வேலையையும் இந்தச் சண்டையையும் விட்டால் வேறொன்றுமில்லாத இரண்டு ஆண்கள் அதன்பிறகு என்ன செய்வார்கள்? வெங்காயத்தோடு சேர்த்து அந்தக் கேள்வியையும் சட்டியில் போட்டுவிட்டாள்.

"விடு பிள்ளை அவரை," என்றாள். "தில்லை அண்ணை, நான் ஒண்டு கேக்கிறன்."

மண்டபம் திரும்பிப் பார்த்தது.

"பொய்யெண்டால், உங்கடை ரஷ்யன் ஏன் பேசாமல் இருந்தவன்? இரவு பகலாய் அமெரிக்கனையே பார்த்துக்கொண்டு இருந்தவனெல்லோ? ஓட்டத்திலை தோத்துப்போய் நிண்டவன், சின்னப் பொய் ஒண்டு பிடிபட்டாலும் உலகத்துக்கே கேக்கக் கத்தியிருக்க மாட்டானோ?"

தில்லையம்பலம் உதவி கேட்பதுபோலப் பெட்டியைப் பார்த்தார். உதவி வரவில்லை.

"உது..."

"சொல்லுங்கோ."

"உதுக்கு மறுமொழி இருக்கு, தங்கச்சி. கொஞ்சம் பொறும்."

"எனக்கு அவசரமில்லை."

கரோலின் கையை எடுத்தாள். கதவுவரை நீண்டிருந்த வரிசை, குளிர்ச் சட்டைகளோடு அப்படியே நின்றது. செபத்துக்கு வந்திருந்த சாமியார் ஒருமுறை மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். தில்லையம்பலம் ஒரு கதிரையை இழுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, நாடியைக் கையில் தாங்கி யோசிக்கத் தொடங்கினார்.

அருள்நாயகி உட்காரவில்லை. எதிரே நின்றபடி காத்திருந்தாள்.