பதினோரு அடிப் பலகையும் பத்தடி அறையும்

இதில் ஒரு வார்த்தை பொய் என்றாலும், புரை எடுத்த என் இடது கண்ணும் எடுக்காத வலது கண்ணும் ஒருசேர அவிந்து போகட்டும். நாற்பத்திரண்டு வருடம் பஞ்சர் ஒட்டியவன் நான். காற்று விஷயத்தில் எனக்குப் பொய் சொல்லவே வராது.

கடையை மூடிய பிறகு மகள் வீட்டில், மூன்றாவது மாடியின் பின்பக்க அறையில் இருந்தேன். பத்தடிக்கு எட்டடி. ஒரு கட்டில், ஒரு மர அலமாரி, ஒரு ஜன்னல், அதன் அடியில் குளிருக்கு ஒரு ஹீட்டர். சின்ன அறைதான், ஆனால் கதவைச் சாத்திவிட்டால் நான் ராஜா.

மாப்பிள்ளை ஒரு பலகை வாங்கியிருந்தார். காற்றடித்தால் பதினோரு அடி நீளத்துக்கு விறைத்துக்கொள்ளும். அதன்மேல் நின்றுகொண்டு ஏரியில் துடுப்புப் போடுவார். கோடை முழுக்க அதுதான் வேலை. கோடை முடிந்த அன்று வீட்டுக்குக் கொண்டுவந்து, நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, வால்வில் கை வைத்தார்.

"மாப்பிள்ளை, என்ன பண்றீங்க?"

"காத்தை இறக்கிட்டு, தளர்வா சுருட்டி, பையில போட்டு அலமாரி மேல வைக்கணும் மாமா. புத்தகத்துல போட்டிருக்கு."

"புத்தகம் எழுதினவன் எத்தனை பஞ்சர் ஒட்டியிருக்கான்? காத்து இல்லாம நின்ன டயரு மடிப்பு மடிப்பா வெடிச்சுப் போகும். காத்தை இறக்கினா ரப்பர் செத்துடும்."

"இது டயர் இல்ல மாமா."

"காத்து ஒண்ணுதானே மாப்பிள்ளை?"

வாக்குவாதம் முற்றி, அவர் புத்தகத்தை என் மூக்குக்கு நேரே ஆட்ட, நான் அதைப் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட, மகள் நடுவில் வந்தாள்.

"சரிப்பா. காத்தோடயே இருக்கட்டும். ஆனா உங்க ரூம்ல. அடுத்த கோடையில அது மேல ஒரே ஒரு கீறல் இருந்தாலும், உங்களை முதியோர் இல்லத்துல கொண்டுபோய் விட்டுடுவேன். போன மாசமே விலாசம் வாங்கி வெச்சிருக்கேன்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்கு உறைத்தது.

பலகையின் வால் ஒரு மூலையில் தரையைத் தொட, மூக்கு எதிர்மூலையில் கூரையைத் தொட, கட்டிலுக்கு மேல் சாய்த்து வைத்தோம். பதினைந்து பவுண்டு காற்றுப் போதும் என்று அதன்மேலேயே அச்சடித்திருந்தார்கள். என் கையால் பதினைந்து பவுண்டு அடித்தால் என் தொழிலுக்கு என்ன மரியாதை? பம்பை எடுத்து இரண்டு நாள் அடித்தேன். லாரி டயரைத் தட்டினால் வருமே, அந்தச் சத்தம் வந்த பிறகுதான் நிறுத்தினேன்.

முதல் குளிர் வந்தது. ஹீட்டரைப் போட்டேன். உள்ளே இருந்த காற்று சூடேறியது. நான் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பலகை ஒரு முனகல் முனகி, கூரைப் பூச்சைப் பெயர்த்துக்கொண்டு சறுக்கி, நேரே என் வாயில் இறங்கியது. முன்பல் இரண்டும் விளையாட்டுப் பக்கத்தில் விழுந்தன.

சும்மா விடுவேனா? ஓங்கி ஒரு குத்து விட்டேன். அந்தப் பலகையிடம் ஒரு நேர்மை உண்டு. வாங்கிய அடியை வட்டியில்லாமல் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். என் கையே திரும்பி வந்து என் மூக்கை உடைத்தது.

வால்வின் நடுவே ஒரு பித்தான். அதை அமுக்கினால் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அமுக்கினால் புத்தகம் சொன்னது சரி என்று ஆகிவிடும். அதைவிட மூக்கு போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆக, அடிக்கவும் வேண்டும், கீறல் விழவும் கூடாது. பத்து விரல் நகத்தையும் ஒட்ட வெட்டினேன். டயர் கழற்றும் லீவருக்குத் துண்டைச் சுற்றினேன். மறுநாளிலிருந்து தினமும் காலையில் ஒரு மணி நேரம் யுத்தம். பலகை என் இரண்டு விலா எலும்பை முறித்தது. நான் அதன் வாலைக் கடித்தேன். பல் இல்லாத இடத்தால்தான், தடம் பதியக் கூடாதே. அடிப்பக்கத்தில் மீன் செட்டை மாதிரி ஒரு பிளாஸ்டிக் தகடு நீட்டிக்கொண்டிருக்கும். அது என் நெற்றியை ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்தது.

"என்னப்பா, முகமெல்லாம் ரத்தம்?" என்றாள் மகள்.

"ஷேவ் பண்ணேம்மா."

"நெத்தியிலயா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை பலகையைப் பார்வையிட வந்தார். "திறக்காதீங்க" என்று நான் கத்துவதற்குள் கதவைத் திறந்துவிட்டார். அடைபட்டுக் கிடந்த பலகை அவர் நெஞ்சில் பாய்ந்தது. மனிதர் கூடத்தைத் தாண்டிப் பறந்து, சாப்பாட்டு மேஜையை இரண்டாக உடைத்து, குளிர்சாதனப் பெட்டியில் போய் மோதி நின்றார். எழுந்தார். துடுப்பை எடுத்தார். ஓடி வந்தார். பலகையை அடித்தால் கீறல் விழும், அது அவருடைய பலகை. அதனால் என்னை அடித்தார்.

"டயர் மூளை! டயர் மூளை!" ஒவ்வொரு அடிக்கும் ஒரு தடவை.

"மாமனார்னு ஒரு மரியாதை வேண்டாமா மாப்பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டே துண்டு சுற்றிய லீவரால் அவர் தோள்பட்டையை உடைத்தேன். அவர் என் காதைக் கடித்தார். நான் அவர் தலைமுடியில் ஒரு கைப்பிடி பிடுங்கினேன். அதுவே கொஞ்சம்தான் இருந்தது. நடுவில் பலகை வேறு இரண்டு சுவருக்கும் மாறி மாறி மோதி, போகும்போது அவருக்கு ஒன்று, வரும்போது எனக்கு ஒன்று என்று பாரபட்சமில்லாமல் கொடுத்துக்கொண்டிருந்தது.

அப்போது கீழ்வீட்டு டெய்லர் படியேறி வந்தார்.

"பெரியவரே, கூரைச் சுண்ணாம்பு பூரா கோட்டுத் துணி மேல கொட்டுது! மனுஷன் தொழில் பண்றதா வேணாமா?"

அவர் கையில் கத்தரிக்கோல். ஒரு முழ நீளம். பலகை அவரை நோக்கித் திரும்பியது.

மாமனாரும் மருமகனும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே குரலில் பேசினோம்: "கத்தரியைக் கீழே போடுய்யா!"

டெய்லர் பயத்தில் அதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பலகைக்கும் கத்தரிக்கும் நடுவே நாலு விரல்கடைதான் இடைவெளி. முதியோர் இல்லத்தின் வாசல் என் கண்ணுக்குத் தெரிந்தது. பாய்ந்து என் உள்ளங்கையை நடுவில் கொடுத்தேன். கத்தரி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. பலகை தப்பியது.

அது நன்றி பாராட்டவில்லை. எங்கள் மூவரையும் சேர்த்து ஜன்னலோரச் சுவரில் அழுத்தியது. ஹீட்டர் முதுகைச் சுட்டது. டெய்லருக்கு மூச்சு விசில் அடித்தது. வால்வு என் மூக்குக்கு நேரே இருந்தது.

"அமுக்குங்க மாமா!" மாப்பிள்ளை ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கத்தினார்.

"மாட்டேன்."

"செத்துடுவோம்!"

"செத்தாலும் தொழில்ல தப்பு சொல்லக்கூடாது."

மகள் வந்தாள். எங்களை ஒரு பார்வை பார்த்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள். கட்டைவிரலால் பித்தானை அமுக்கினாள்.

தொண்ணூறு பவுண்டு காற்று ஒரே மூச்சில் வெளியே வந்தது. மர அலமாரி ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்துக்கொண்டு தெருவில் இறங்கியது. டெய்லர் அதன் பின்னாலேயே போய், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து, ஒரு காலை மட்டும் முறித்துக்கொண்டார். மாப்பிள்ளையின் சட்டை கிழிந்து பறந்தது. அறையின் பக்கச் சுவர் அடுத்த அறைக்குள் சரிந்தது. பிறகு அமைதி. பலகை துவண்டு, பழைய போர்வை மாதிரி தரையில் கிடந்தது.

மாப்பிள்ளை ஒரு கையால் தன் தோளைத் தாங்கிக்கொண்டு, "கிளம்புங்க மாமா, இன்னைக்கே இல்லத்துல விட்டுடறேன்" என்றார்.

"இருங்க" என்றாள் மகள். பூதக்கண்ணாடியை எடுத்துவந்து, மண்டியிட்டு, மூக்கிலிருந்து வால்வரை, பிறகு புரட்டிப்போட்டு வாலிலிருந்து மூக்குவரை பார்த்தாள். முக்கால் மணி நேரம். என் கையிலிருந்த கத்தரியைப் பிடுங்கக்கூட யாருக்கும் நேரமில்லை.

"ஒரு கீறல்கூட இல்ல" என்றாள். "அப்பா இங்கதான் இருப்பார். சொன்னா சொன்னதுதான்."

கீறலெல்லாம் எங்கள்மேல்தான் இருந்தது. பலகையைத் தளர்வாகச் சுருட்டிப் பையில் போட்டார்கள். அலமாரி போய்விட்டதால் கட்டிலுக்கு அடியில் வைத்தார்கள். சுவர் விழுந்ததில் என் அறை பத்துக்குப் பதினாறு ஆகிவிட்டது.

எனக்கு மகளே கிடையாது; பிறந்த மூன்றும் ஆண்பிள்ளைகள்.