வெர்னா பற்றவைத்த இடம்

...அப்படியானால் பற்றவைப்பைத் தொட இன்னும் நாலு விரற்கடைதான், காலையில் ஆறு இருந்தது, அப்போது போட்டுவைத்த சாக்குக்கட்டிக் கோட்டைத் தாண்டி விரிசல் நகர்ந்திருக்கிறது, ரொட்டிக்கு மாவு எடுக்க இறங்கிய நான் மூட்டைமேல் உட்கார்ந்து அதையே பார்க்கிறேன், தகட்டுக்கு அந்தப் பக்கம் அட்லாண்டிக்... பெயர்கூட இல்லாத கப்பல், வெறும் எண், தட்டை அடி, அலையேறி விழுந்தால் தளமே பாம்பாய் நெளியும், வயிற்றில் இருபது டாங்கிகள், "பெருசு, மெதுவு, குறிவைக்க லேசு" என்று காவல் கப்பல்காரனுக்குக் கிண்டல், அவன் கப்பல் கரையேறி டாங்கி இறக்குமா? ஒஹையோ ஆற்றங்கரையில், சோளக்காட்டு நடுவே, கடலையே பார்க்காத எங்கள் ஊர்க்காரர்கள் கட்டியது, ஏழு நாளாய்ப் புயலையும் நீர்மூழ்கியையும் தாங்குகிறதே! விரிசல் அந்தப் பற்றவைப்பைத் தாண்டினால் மட்டும் கப்பல் இரண்டுதான், அதன் ஓரத்தில் கீறியிருக்கிறது: வெர்னா டீட்ஸ். "யாருடா இவ?" கப்பல் தச்சன் லிண்ட்க்விஸ்ட் துளைக்கருவியோடு வந்தான். "எங்க ஊரு, ரெண்டு வீடு தள்ளி." "ஆளு எப்படி?" "நீ மொதல்ல ஓட்டையப் போடுடா." போட்டான், நுனியில் துளையிட்டால் விரிசல் நிற்குமாம்... அவள் கால்சட்டை மாட்டிக்கொண்டு கப்பல் பட்டறை வேலைக்குப் போன அன்றே முடிவெட்டும் கடையில் நான் சொன்னேன், ஊசியில நூல் கோக்கத் தெரியாதவ இரும்பத் தைக்கப் போறாளாம்னு, பிறகு மேஸ்திரியின் காரில் வந்து இறங்கினாள் என்றும் சொன்னேன், மூன்று இடத்தில், நாலாவதாக அவள் மாமியாரிடம், புருஷன் பசிபிக்கில்... கப்பல் எழும்பி விழுந்தது, டமார், விரிசல் துளையை ஏய்த்துவிட்டு ஓடியது, ஓடி, அவள் பற்றவைப்பில் முட்டி நின்றது. லிண்ட்க்விஸ்ட் தொப்பியைக் கழற்றினான். "நிக்க வேண்டிய எடத்துல நிக்கல, ஓட வேண்டிய எடத்துல நின்னுருச்சு! தகடுதான்டா பொளந்துச்சு, அவ வச்சது அசையல." சேதி பரவி ஆட்கள் இறங்கி வந்தார்கள், ஒவ்வொருவனும் அந்தப் பெயரைத் தொட்டுப் பார்த்தான், "ரொட்டிக்காரா, உங்க ஊரு பொண்ணாமே?" "பின்ன?" எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, அவள் கோயிலில் பாடுவது, தெருமுனைவரை கேட்கும் அவள் சிரிப்பு, எல்லாம் சொன்னேன், வாய் பிளந்து கேட்டார்கள். "அவ வீட்டுக்காரன் குடுத்துவச்சவன், இல்ல?" என்றான் லிண்ட்க்விஸ்ட். மாமியார் மகனுக்கு எழுதிய கடிதத்தில் அந்தக் கார்ப் பேச்சுதான் இருந்தது என்பதுகூட எனக்குத் தெரியும், மூட்டையைப் பிரித்து மாவை அள்ளினேன்... அன்று அந்தக் காரில் இருந்தது வெர்னாதானா, நான் நிஜமாகவே பார்த்தேனா?