நிழல் தங்காத ஆள்

கல்யாணப் பட ஆல்பத்தில் இல்லாத ஆளை இருப்பவராக ஒட்டிக் கொடுப்பதில் ஒஸ்லோவில் மயூராவை அடிக்க ஆளில்லை. விசா கிடைக்காத தமையன், போரில் செல்லடியில் செத்த மாமா, கனடாவில் கோபித்துக்கொண்டிருக்கும் சித்தி, யாராக இருந்தாலும் மணவறைக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுவாள். தலையை வெட்டி ஒட்ட எந்தப் பேயனுக்கும் தெரியும், நிழலில்தான் வேலை இருக்கிறது என்பாள். வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்து நிழல் போடாவிட்டால் ஆள் அந்தரத்தில் நிற்பான்.

அப்படிப்பட்டவள் தன் அண்ணனை மட்டும் ஒட்டாமல் தட்டிக்கழித்து வந்தாள். பதினெட்டு தாண்டிவிட்டது என்று அண்ணன் இந்திரகுமாருக்கு நோர்வே விசா கொடுக்கவில்லை. தாயும் இவளும் மட்டும் வந்தார்கள். 2006இல் யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் கடைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. அம்மா ராசமலரோ அவன் வருவான் என்றே இருந்தாள். ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதி மலிவு விற்பனையில் அவனுக்கென்று ஒரு குளிர்கோட் வாங்கி, அளவு பிழைத்தால் மாற்றலாம் என்று விலைச்சீட்டைக்கூடப் பிய்க்காமல், ஒஸ்லோவின் அம்மருட்டில் தன் வீட்டு வாசலில் கொழுவியிருந்தாள். எந்தக் கடைக்காரன் இத்தனை காலம் கழித்து மாற்றித் தருவான் என்று கேட்க யாருக்கும் வாய் வராது. அந்தக் கோட் தொங்கும்வரைதான் அவளுக்குச் சாப்பாடும் தூக்கமும். படத்தில் ஒட்டினால் அண்ணனையும் வராதவர்களோடு சேர்த்ததாகிவிடுமே என்று மயூராவுக்குப் பயம்.

2008 தையில் மயூராவுக்கும் பிரவீணனுக்கும் கல்யாணம் நடந்தது. மண்டபத்துக்கு வெளியே, பனியில், சரிந்த வெயிலில் எல்லோரும் நின்று படமெடுத்தார்கள். அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டு அம்மா விடவில்லை.

“ஊர்ச் சனத்துக்கெல்லாம் ஒட்டிக் குடுக்கிறாய். உன்ர அண்ணையை ஒட்ட ஏலாதோ?”

மயூரா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒட்டினாள். அம்மாவுக்குப் பக்கத்தில் நிறுத்தி, பனிமேல் நீளமாக நிழலும் போட்டாள்.

மறுநாள் வேலைக்குப் போனாள். அருங்காட்சியகம் ஒன்றில் பழைய ஓவியங்களைக் கணினியில் ஏற்றப் படமெடுப்பது அவள் உத்தியோகம். அன்று வந்தவை, நூறு வருடத்துக்கு முன் வடதுருவப் பயணக்குழுவோடு போன ஓர் ஓவியர் இனுயிட் மக்களோடு தங்கி வரைந்தவை. சும்மா சொல்லக்கூடாது, மனுசன் ஊன்றித்தான் பார்த்திருக்கிறார். தோலைப் பல்லால் மென்று பதமாக்கும் பெண்ணின் தாடையில்கூடக் களைப்புத் தெரிந்தது. ஒரு குடும்பம் பனிவீட்டுக்கு வெளியே நிற்கும் படம் வந்தபோது மயூராவின் கை நின்றது. பெண்ணுக்கு நிழல், பிள்ளைகளுக்கு நிழல், நாய்க்கும் நிழல். ஓரத்தில் நின்ற ஆணுக்கு மட்டும் இல்லை. அட, இவரும் என்னைப்போல ஒட்டுவேலைக்காரன்தான் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

படத்தோடு ஓவியரின் நாட்குறிப்புப் பிரதி இருந்தது. அதை வாசித்ததும் சிரிப்பு போய்விட்டது. வேட்டைக்குப் பனிக்கடலில் போய்த் திரும்பாத கணவனையும் சேர்த்து வரையும்படி அந்தப் பெண் கேட்டாளாம். அவன் தோள், மூக்கு, நிற்கிற விதம் எல்லாம் சொன்னாளாம். “வரைந்து நிழலும் போட்டேன். காலையில் நிழல் இல்லை. மறுபடியும் போட்டேன், அதுவும் இல்லை. மூன்றாம் நாள் அவளே வந்து பார்த்தாள். அழவில்லை. எடுத்து வைத்திருந்த அவனுடைய பூட்ஸைத் தங்கை புருசனுக்குக் கொடுத்துவிட்டாள்.”

மயூரா அரைநாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தாள். அண்ணன் நின்றான். நிழல் இல்லை. சேமிக்க மறந்திருப்பேன் என்று தன்னையே ஏசிக்கொண்டு போட்டாள், சேமித்தாள், மூடித் திறந்தாள். வெறும் பனி. மறுபடி போட்டு, மூடாமல், அப்படியே அச்செடுத்தாள். தாளில் நிழல் இருந்தது. விரலால் தடவிப் பார்த்து, உறையில் போட்டு ஒட்டினாள். நாட்குறிப்பைப் பற்றிப் பிரவீணனிடம்கூட மூச்சு விடவில்லை.

பின்னேரம் இருவரும் அம்மருட்டுக்குப் போனார்கள். அம்மா உறையைக் கிழித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, யன்னலடியில் படத்தை வெகுநேரம் பார்த்தாள். மகனின் முகத்தைத் தடவிய விரல் மெல்லக் கீழே இறங்கிக் காலடியில் நின்றது.

“இவனுக்கு நிழல் இல்லைப் பிள்ளை.”

மயூரா எட்டிப் பார்த்தாள். எல்லோருடைய நிழலும் ஒரே பக்கம் விழுந்து கிடந்தது. அண்ணனின் காலடியில் பனி வெள்ளையாக இருந்தது. அம்மா, அது என்ர பிழை, நான் திருத்தித் தாறன் என்று சொல்ல வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது.

ராசமலர் அழவில்லை. படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள். குசினிக்குப் போய்க் கத்தரிக்கோலோடு வந்தாள். வாசலில் தொங்கிய கோட்டை எடுத்து, விலைச்சீட்டை வெட்டினாள். பிறகு அதைப் பிரவீணனிடம் நீட்டினாள்.

“வெளியில குளிருது தம்பி. இதைப் போட்டுக்கொண்டு போங்கோ.”