எல்லைக்கு உள்ளே பிடித்த மீன்

வக்கீல் வீட்டு முன்னறையில் கடல் மீன் நீந்தினால் கட்சிக்காரனுக்கு ஒரு மரியாதை வரும் என்று நம்பியவன் நான். 1994இல் திருநெல்வேலி டவுனில் உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருத்தன்தான். மீன் பிடித்துத் தந்தவன் சிலுவை, தூத்துக்குடிப் பக்கம் முக்குளிக்கிறவன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீனுக்காக அவனைத் தீவுப் பக்கம் அனுப்புவேன். தீவுகளோ தேசியப் பூங்கா. அங்கே பிடித்தால் வழக்கு.

"மீன வச்சிருக்கது குத்தமில்லலே. எல்லைக்குள்ள பிடிக்கதுதான் குத்தம். யார் கேட்டாலும் வெளிக்கடல்னு சொல்லு. உன் பொண்டாட்டி கேட்டாலும் அதையே சொல்லு" என்று பாடம் நடத்தினேன். சட்டத்தில் ஓட்டை கண்டுபிடிப்பதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

ஒரு செவ்வாய்க்கிழமை அப்படிப் போனவன் திரும்பவில்லை. புதன் சாயங்காலம் அவன் மனைவி ரோசம்மாள் பஸ் ஏறி வந்து வாசலில் நின்றாள்.

"வெளிக்கடலுக்குன்னுதான் சொல்லிட்டுப் போனாவ, அய்யா. எல்லாரும் அங்கனதான் தேடுதாவ. உங்கட்ட வேற இடம் எதுவும் சொன்னாவளா?"

எந்தத் தீவு என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் நானும் உடந்தை, தொழிலே போய்விடும். "இல்லம்மா" என்றேன். கடலிலேயே வளர்ந்தவன், தானே வந்துவிடுவான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வியாழன் காலை அடுக்களையில் என் மனைவி ஞானம்பாள் சத்தம் போட்டாள். முந்தின நாள் ஆற்றுத் தண்ணீர் நிரப்பி மூடி வைத்த குடத்தில் ஒரு சொட்டு இல்லை. தரை காய்ந்து கிடந்தது. விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்ததைத் தொட்டு நாக்கில் வைத்தவள், "உப்புங்க" என்றாள். குடம் ஓட்டை என்று சொல்லிவிட்டுக் கோர்ட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை இரண்டு குடங்கள் காலி. விளிம்பில் உப்போடு ரத்தமும் இருந்தது, வெடித்த உதடு பட்டதுபோல. தொட்டி மீன்கள் எல்லாம் கடல் இருக்கிற கிழக்குப் பக்கக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றன. சிலுவை போன தீவு நினைவுக்கு வந்தது. அந்தத் தீவில் குடிக்க ஒரு வாய் நல்ல தண்ணீர் கிடையாது.

ஞானம்பாளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"இப்பவே போய்ச் சொல்லுங்க. ஒரு உயிரு போயிரும்" என்று அழுதாள்.

சீனியரிடம் கலந்து பேசிவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அன்று மூன்று குடங்களையும் நானே நிரப்பி வைத்தேன், ஏதோ பெரிய தர்மம் செய்கிறவன் மாதிரி.

சனிக்கிழமை காலை மூன்றும் ததும்பி நின்றன. யாரும் தொடவில்லை.

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். தூத்துக்குடி போலீசுக்குத் தீவின் பெயரைச் சொன்னேன். மதியத்துக்குள் கண்டெடுத்தார்கள். வள்ளம் பாறையில் மோதி உடைந்து கிடந்தது. மணலில் சிலுவை கிடந்தான்.

"நேத்து ராத்திரிதான் உயிர் போயிருக்கு. இந்த வெயில்ல தண்ணியில்லாம இத்தன நாள் எப்படித்தான் இருந்தானோ" என்றார் டாக்டர்.

செத்தவன் மேல் வழக்கு இல்லை. அவனிடம் மீன் எதுவும் இல்லாததால் என்மேலும் இல்லை. வனத்துறை அதிகாரி சொல்லும் முன்பே எனக்கு அது தெரியும்.

ஆஸ்பத்திரி வாசலில் ரோசம்மாள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நான் வந்தன்னைக்கே சொல்லிருந்தா அவுக இருந்திருப்பாவளா, அய்யா?"

அதற்கும் நழுவுகிற பதில் ஒன்று தயாராக நாக்கு நுனியில் இருந்தது. வெட்கமாக இருந்தது.

"இருந்திருப்பான்மா" என்றேன்.