தெரிஞ்ச கதைதானே

ஊரே பொரியும் சுண்டலும் தின்றுகொண்டு சந்தோஷமாக இருக்கிற ஆயுத பூஜையன்று, அவனியாபுரத்தில் காசிமாயன் ஒருவர் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தார். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். அவர் படித்துக்கொண்டிருந்த கதைப் புத்தகத்தைத் தூக்கிப் பூசையில் வைத்துவிட்டார்கள்.

"யாரு இதை எடுத்தது?"

"நான்தாம்ப்பா" என்றாள் மகள் சத்யப்ரியா. "நாளைக்கு உங்களுக்கு ஆப்ரேசன்ல? நீங்க உசுரா வச்சிருக்க பொஸ்தகமாச்சே, அதுக்கும் ஒரு பொட்டு வச்சா கண்ணு நல்லாயிரும்னு நெனச்சேன்."

என்னத்தைத் திட்டுவது? பெற்ற பிள்ளை பாசத்தில் செய்த காரியம். காசிமாயன் பல்லைக் கடித்துக்கொண்டார். சாமி படத்துக்கு முன்னால், பட்டறையிலிருந்து வந்த ஸ்பானருக்கும் சுத்தியலுக்கும் நடுவில், அட்டை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு அந்தப் புத்தகம் உட்கார்ந்திருந்தது. பூசை முடிந்தாகிவிட்டது. இனி மறுநாள் காலையில் மறுபடி சூடம் காட்டுகிறவரைக்கும் ஆயுதத்தையும் தொடக்கூடாது, ஏட்டையும் திறக்கக்கூடாது. வீட்டுச் சட்டம் அப்படி. அந்தச் சட்டத்துக்குக் காவல் அவர் பெண்டாட்டி செல்லத்தாய்.

காசிமாயன் லேத் பட்டறைக்காரர். வலது கண்ணை இரும்புச் சில்லு ஒன்று பல வருசத்துக்கு முன்பே கொண்டுபோய்விட்டது. மிச்சமிருக்கும் இடது கண்ணில் இப்போது புரை முற்றிக் கிடந்தது. "பொதுவா இதுல பயமே இல்லைங்க. ஆனா உங்களுக்கு இருக்கது ஒத்தக் கண்ணு. அதுலயும் பழைய அடி இருக்கு. சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்" என்றார் டாக்டர். அதற்கப்புறம் வீட்டில் ஒருத்தரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. விஜயதசமி நல்ல நாள், அன்றைக்கே வைத்துக்கொள்வோம் என்று கேட்டு வாங்கியவள் செல்லத்தாய்.

காசிமாயன் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். 'ஏழாம் மதகு' நாவலை இன்னொரு தடவை படித்துவிடுவது என்று உட்கார்ந்தார். எழுதியவர் மாறநேரி சிதம்பரநாதன். பஸ்ஸில் படித்துச் சிரிக்கக் கண்டமனூர் பிச்சையா இருக்கிறார், தூக்கம் வராவிட்டால் புரட்ட இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். ஆனால் மனசு ஒரு நிலையில் இல்லையென்றால் அவருக்கு மாறநேரிதான்.

கல்யாணத்துக்கு முன்னால் முதன்முதலாகப் படித்தபோது, கதையில் வருகிற மதகுக்காரன் வெள்ளத்தில் மதகைத் திறப்பானா, கூடப்பிறந்த தம்பியின் வயலை மூழ்கடிப்பானா என்று அறியும் அவசரத்தில் பாதியை விழுங்கியே போனார். அடுத்த தடவை படித்தபோது மதகுக்காரன் மேல் அவருக்கு ஆத்திரம் வந்தது. வலது கண்ணை இழந்த வருசம் படித்தபோதுதான் மதகுக்காரனின் வீட்டுக்காரி கண்ணில் பட்டாள். அதே புத்தகம், அதே எழுத்து. அதுவரை எங்கே இருந்தாள் அவள்? முதல் அத்தியாயத்திலிருந்தே புருசனுக்குச் சோற்றைத் தூக்கிக்கொண்டு கரைமேல் நடந்துகொண்டேதான் இருந்திருக்கிறாள். இந்த மனுசன்தான் கவனிக்கவில்லை.

இந்தத் தடவை யார் வந்து நிற்கப்போகிறார்களோ என்று, பக்கத்தை மூக்கோடு ஒட்டிப் பிடித்து, எழுத்தெழுத்தாக ஊர்ந்து வந்திருந்தார். கறிக்குழம்பில் நல்ல துண்டைத் தட்டோரம் ஒதுக்கி வைப்பதுபோலக் கடைசி அத்தியாயத்தை ஆப்ரேசனுக்கு முந்தின சாயங்காலத்துக்கென்று ஒதுக்கியும் வைத்திருந்தார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

அடுப்படிக்குப் போனார். "செல்லத்தாயி, அந்த ஒரு பொஸ்தகத்தை மட்டும் எடுத்துக்கிறேன்."

"ஆத்தாடி! பூசையில வச்சதையா? காலையில எடுத்துத் தாரேன். ஆஸ்பத்திரிக்குப் போகையில ஆட்டோவுல படிங்க."

"ஆட்டோவுலயா? ஒரு பக்கம் படிக்கிறதுக்குள்ள எனக்கு நாக்குத் தள்ளுது. குலுங்குற ஆட்டோவுல நான் எம்புட்டுப் படிக்க?"

"அம்புட்டையும் படிச்சவருதான நீங்க? என்னமோ புதுசு மாதிரி... தெரிஞ்ச கதைதானே!"

அவ்வளவுதான். காசிமாயனுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. "வாராவாரம் மீனாட்சி கோயிலுக்குப் போறியே, தெரிஞ்ச சாமிதான? எதுக்குப் போற?"

"சாமியும் கதையும் ஒண்ணா? போங்க அங்கிட்டு" என்று கரண்டியை ஆட்டினாள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான். ஆனால் காசிமாயனிடம் இன்னொரு வழி இருந்தது. அதே புத்தகத்தின் இன்னொரு பிரதியைப் பழங்காநத்தத்தில் இருக்கிற சிநேகிதன் நல்லகாமனுக்குக் கொடுத்திருந்தார். நல்ல கதையை இன்னொருத்தனும் படிக்கட்டுமே என்று கொடுத்தது. சட்டையை மாட்டிக்கொண்டு, வாழைக்கன்று கட்டிய டவுன் பஸ்ஸில் ஏறிப் போனார்.

"அண்ணே, வாங்கண்ணே! பொரி எடுங்க" என்று வாசலுக்கே வந்தான் நல்லகாமன்.

"பொரி கெடக்கட்டும். நான் குடுத்த பொஸ்தகம் எங்கடா மாப்ள?"

"பத்திரமா இருக்குண்ணே. அந்தா பாருங்க."

காசிமாயன் பார்த்தார். சாமி படம். குத்துவிளக்கு. பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தக அடுக்கு. அந்த அடுக்குக்கு மேலே, குங்குமமும் பூவும் வைத்துக்கொண்டு 'ஏழாம் மதகு'.

"உங்க பொஸ்தகமாச்சேன்னு நானே பொட்டு வச்சேண்ணே" என்றான் நல்லகாமன், பெருமையாக.

"அதை எடு."

"என்னண்ணே நீங்க! பூசையில வச்சதைப் போயி... வீட்டுல பொம்பளைங்க என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவாங்க."

"சரி, படிச்சியா அதை?"

"ஆரம்பிச்சேண்ணே. மழை, மதகு, மழை, மதகுன்னு போயிட்டே இருந்துச்சு. மூடிட்டேன். ஆமா, உங்களுக்கு எதுக்குண்ணே இப்ப? தெரிஞ்ச கதைதானண்ணே!"

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? காசிமாயன் கிளம்பிவிட்டார். நல்லகாமன் ஒரு பொட்டலம் பொரியைக் கையில் திணித்து அனுப்பிவைத்தான். பஸ் வழி நெடுக எத்தனை கடை, எத்தனை வீடு! ஊரில் இருக்கிற அத்தனை புத்தகமும் சந்தனம் பூசிக்கொண்டு வாயை மூடிக் கிடந்தன. இன்றைக்குப் பார்த்தா எனக்கு இந்தக் கதி வரணும் என்று தலையில் அடித்துக்கொண்டார். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார்.

வீட்டில் விளக்கேற்றியிருந்தார்கள். அந்த வெளிச்சத்தில் புத்தகத்தின் ஓரம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. செல்லத்தாய் தண்ணீர் கொண்டுவந்து நீட்டி, "அதான் சொன்னேன்ல, காலையில எடுத்துத் தாரேன்னு" என்றாள்.

"காலையில எடுத்துத் தருவ. நாளைக்குக் கண்ணு போச்சுன்னா? அப்புறம் அதை நான் எதை வச்சுடி படிப்பேன்?"

சொல்லிவிட்டார். இத்தனை நாளும் யாரும் சொல்லாமல் சுற்றிச் சுற்றி நடந்த சொல் அது. சத்யப்ரியா சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். செல்லத்தாய் சொம்பைக் கீழே வைத்தாள்.

"அதுக்குத்தான பயந்து சாகுறேன்" என்றாள். "நான் பாட்டுக்கு எதையாச்சும் தொட்டு, அதனால ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆகிப்போச்சுன்னா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஒங்களுக்குச் சோறு போடுவேன்?"

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று பூசை இடத்துக்குப் போனாள். சூடத்தைக் கொளுத்தினாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். புத்தகத்தை உருவிய வேகத்தில் சுத்தியல் உருண்டு, தட்டிலிருந்த பொரி தரையெல்லாம் சிதறியது. கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். அட்டையில் காய்ந்திருந்த சந்தனம் பொலபொலவென்று அவர் வேட்டியில் உதிர்ந்தது.

"படிங்க" என்றாள்.

காசிமாயன் கடைசி அத்தியாயத்தைத் திறந்து, விளக்கடியில் சாய்த்து, மூக்கோடு ஒட்டிப் பிடித்தார். முதல் வரி கண்ணுக்குள் வந்தது. அப்பாடா! மழை, கரை, கையில் தூக்குவாளியோடு அந்த வீட்டுக்காரி. இரண்டாவது வரிக்குப் போனபோது பின்னாலிருந்து முணுமுணுப்புக் கேட்டது. செல்லத்தாய்தான். சுவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றாள்.

"ஆத்தா, ஒனக்குக் கோவம்னா என் கண்ணை எடுத்துக்க. எங்கண்ணை எடுத்துக்க."

மூன்றாவது வரி ஓடவில்லை. பிறகு புத்தகத்தை மூடினார்.

"இந்தா, கொண்டுபோய் வையி."

"ஏன், படிங்க. எடுத்தாச்சுல்ல?"

"தெரிஞ்ச கதைதானே" என்றார்.

பொழுதெல்லாம் எந்தச் சொல்லைக் கேட்டுக் கொதித்தாரோ, அதையே அவர் வாயால் சொன்னார். பச்சைப் பொய். அவளுக்கும் அது தெரியும். புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனாள். முன்போல நடுவில் செருகாமல், ஸ்பானர், சுத்தியல் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

"காலையில மொதல்ல இதைத்தான் எடுப்பேன்" என்றாள் அங்கிருந்தே. "ஆஸ்பத்திரிக்கும் கொண்டாருவேன். கண்ணைக் கட்டி உக்கார வச்சிருப்பாங்கள்ல, நான் படிக்கிறேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். சும்மா திட்டக்கூடாது."

"நீ எழுத்துக் கூட்டிப் படிச்சா மதகு தொறக்கத் தீவாளி ஆயிரும்" என்று எரிந்து விழுந்தார் காசிமாயன். நல்லகாமன் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்து ஒரு பிடியை வாயில் போட்டார். பொரி நமுத்துப்போயிருந்தது.