கூரையில் சிவப்புக் கறை

செட்டிக்காடு சமுதாயக் கூடத்தின் கூரை ஒழுகுவது யாருக்கும் புதிதில்லை. மாநகராட்சிக் கட்டடம் ஒழுகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் இந்த ஐப்பசி மழைக்கு அது சிவப்பாக ஒழுகியது. மணமேடைக்கு நேர் மேலே, கட்டில் அகலத்துக்கு, வெற்றிலை எச்சில் துப்பினாற்போல ஒரு திட்டு. உதவிச் செயற்பொறியாளர் ராஜவேல் வந்தார், கழுத்தை நிமிர்த்திப் பார்த்தார், ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார். உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது, கட்டடம் தகுதியற்றது, இடிக்கலாம்.

"வெள்ளிக்கிழமை ஃபைல் கமிஷனருக்குப் போகுதுங்க. அன்னைக்கே சீல் வெச்சுப்போடலாம். சாவியெல்லாம் வாங்கி வெச்சுக்குங்க" என்று சித்ராதேவியிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அன்று செவ்வாய்க்கிழமை.

சித்ராதேவி பராமரிப்பு மேற்பார்வையாளர். சமுதாயக் கூடம், நூலகம், அங்கன்வாடி, கழிப்பறை என்று முப்பத்தோரு இடங்கள் அவள் பொறுப்பில். அத்தனைக்கும் சேர்த்து அவளுக்கு இருந்தது ஒரு ஸ்கூட்டியும் ஒரு பதிவேடும். விருதுநகர்ப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த குடும்பம். பனியன் கம்பெனியில் பத்து வருசம், தைத்ததில் பழுது பார்க்கும் செக்கிங் டேபிளில் நின்றுகொண்டே தபாலில் படித்து, பரீட்சை எழுதி, இந்த வேலையைப் பிடித்தவள். வயது நாற்பத்து மூன்று. கோபம் மட்டும் இருபதிலேயே நின்றுவிட்டது.

ஜீப் போன பிறகுதான் வாசலில் பாண்டியம்மாள் நிற்பதைப் பார்த்தாள். பக்கத்துக் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். மகள் ஆஷாவின் கல்யாணம் அடுத்த புதன்கிழமை இதே கூடத்தில். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"யம்மா சித்ரா, பத்திரிகையில எடம் போட்டு ஊருக்கெல்லாம் கொடுத்தாச்சு. மத்த மண்டபம் அம்புட்டும் முகூர்த்தத்துக்குப் புடிச்சுட்டாக. காலியா இருந்தாலும் அந்த வாடகைக்கு நான் எங்கிட்டுப் போவேன்?"

"எங்கிட்டும் போக வேண்டாம்க்கா. இங்கதான் நடக்கும்."

சொல்லிவிட்டாள். எப்படி நடக்கும் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் சொன்ன வாக்கைத் திரும்ப வாங்கும் பழக்கம் அவளிடம் இல்லை. காவலாளி வீரணனைக் கூப்பிட்டு, மொட்டை மாடிக் கதவின் சாவியை எடுத்து வரச் சொன்னாள்.

பூட்டு திறக்க மறுத்தது. தேங்காய் எண்ணெய் விட்டு, கல்லால் தட்டி, ஒரு வழியாகத் திறந்தார்கள். மேலே போய்ப் பார்த்தால், மாடியா குளமா என்று சந்தேகம் வந்துவிட்டது. மழை நின்று மூன்று நாளாகியும் கணுக்கால் தண்ணீர். கொசுப்புழு நெளிந்தது. மழைநீர் இறங்கும் குழாய் ஒரே ஒரு மூலையில் இருந்தது. அங்கே பாசிதான் தெரிந்தது, குழாய் வாயைக் காணவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சித்ராதேவி தண்ணீருக்குள் கையை விட்டாள்.

துணி. பந்து பந்தாகப் பனியன் துணி. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. கடைசிப் பந்தை உருவியதும் 'கடகட'வென்று சத்தம் போட்டுக்கொண்டு தண்ணீர் குழாயில் இறங்கியது. கையைப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கச் செக்கச்செவேல்.

"துரு இல்லடா!" என்று கத்தினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "வீரணா, இது சாயம்! சலவைக்கு நிக்காத மெரூன் லாட்டு. இந்த மாதிரி பீஸை விட்டுட்டு நான் வாங்காத திட்டா? சாயம் போற துணி ஊறி, இந்த மழைக்குத் தட்டோட்டு இடுக்கு விட்டதும் அந்தத் தண்ணிதான் கீழ இறங்கியிருக்கு. கம்பிக்கு ஒண்ணும் ஆகலை!"

வீரணன் சந்தோஷப்படவில்லை. துணியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"யக்கா… இது அந்தக் கண்ணு முகாம் அன்னைக்கு வச்சதுல்ல?"

அவ்வளவுதான். முகத்துச் சந்தோஷம் வடிந்துவிட்டது.

இரண்டு வருசத்துக்கு முன்னால் இங்கே இலவசக் கண் பரிசோதனை முகாம் நடந்தது. வாசலில் வயசானவர்கள் வரிசை. நல்ல மழை. குழாய்த் தண்ணீர் வரிசையில் நின்றவர்கள் தலையிலேயே கொட்டியது. பக்கத்துக் கம்பெனியில் வெட்டி மிஞ்சிய துணி, கட்டிங் வேஸ்ட், ஒரு மூட்டை வாங்கி, "இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் மேல அடைச்சு வைடா" என்று சொன்னது சாட்சாத் சித்ராதேவிதான். திருப்பூரில் இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. வண்டி துடைக்க, மெஷின் துடைக்க, கட்டில் கால் ஆடினால் முட்டுக் கொடுக்க, குழாய் ஒழுகினால் சுற்ற, எல்லாவற்றுக்கும் பனியன் வேஸ்ட்தான் கைமருந்து. வைக்கும் கைக்குத் திரும்ப எடுக்கத் தோன்றாது.

அதைவிடப் பெரிய குற்றம் பதிவேட்டில் இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாடி ஏறிப் பார்த்து எழுத வேண்டும். 'மொட்டை மாடி பார்வையிடப்பட்டது, சரி' என்று இந்தக் கூடத்துக்கு மட்டும் நான்கு முறை எழுதி நான்கு முறை கையெழுத்துப் போட்டிருந்தாள். ஒரு தடவைகூட ஏறவில்லை. கீழே ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடியே போட்ட கையெழுத்துகள் அவை.

"ஒரு சாக்கு கொண்டாரேன்க்கா. அள்ளிப் போட்டா காலையில குப்பை வண்டியில போயிரும். யாருக்குத் தெரியப் போகுது?" என்றான் வீரணன். பிறகு தயங்கித் தயங்கி, "கேட்டா நான்தான் அடைச்சேன்னு என் தலையிலதான விடியும். நான் காண்ட்ராக்ட் ஆளு. போன்னா போக வேண்டியதுதான்" என்றான்.

ஒரு நிமிடம் சித்ராதேவிக்கும் சாக்கைக் கொண்டுவரச் சொல்லத் தோன்றியது. ஒரே நிமிடம்தான், ஆனாலும் தோன்றியது. துணி போய்விட்டால் தப்பும் போய்விடும். ஆனால் கீழே கறை அப்படியே இருக்குமே. அது துருவாகவே இருக்கும், கட்டடம் இடிபடும். பாண்டியம்மாள் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு வீதியில் நிற்பாள். கூடத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் துணியைக் காட்ட வேண்டும். துணியைக் காட்டினால் யார் என்று கேட்பார்கள். வேறு வழி இருக்கிறதா என்று அவள் மனசு நாலு பக்கமும் ஓடிப் பார்த்தது. இல்லை.

"சாக்கு வேண்டாம். கொடி கட்டு. இதை அலசிடாம அப்படியே காயப் போடு" என்றாள்.

வியாழக்கிழமை காலை ராஜவேல் வேண்டா வெறுப்பாகத்தான் வந்தார். சித்ராதேவி போன்மேல் போன் போட்டு வரவழைத்திருந்தாள். ஏணியில் ஏறி, நனைத்த வெள்ளைப் பனியன் துணியைக் கறைமேல் வைத்து அழுத்திப் பிடித்தாள். எடுத்துக் காட்டியபோது துணி மெரூன் நிறத்தில் சிரித்தது. கொடியில் காய்ந்ததை மூட்டையாக அதன் பக்கத்தில் வைத்தாள்.

ராஜவேல் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. துணியை வாங்கி இரண்டு விரலால் கசக்கிப் பார்த்தார். அதற்குமேல் அவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் எழுதிய தீர்ப்பை அவ்வளவு லேசில் விட மனசு வருமா?

"சாயமாவே இருக்கட்டுங்க. ரெண்டு வருசமாத் தண்ணி நின்னிருக்குதுங்களே. கம்பி அரிச்சிருக்காதுங்களா?"

"கொத்திப் பாருங்க சார். எந்த இடம்னு நீங்களே காட்டுங்க."

மூன்று இடம் காட்டினார். வீரணன் உளியால் கொத்தினான். முதல் இடத்தில் பூச்சு உதிர்ந்து, கான்கிரீட் உளியையே திருப்பி அடித்தது. அரை மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகு கம்பி தெரிந்தது. ராஜவேல் தானே ஏணியில் ஏறி, ஜீப் சாவியால் சுரண்டிப் பார்த்தார். கம்பி கருப்பாக, கெட்டியாக இருந்தது. மற்ற இரண்டு இடத்திலும் அப்படியே.

இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டார். சித்ராதேவி எதிர்பார்த்திருந்த கேள்வியைக் கேட்டார்.

"ஏனுங்க, இதை யாருங்க அடைச்சது?"

வீரணன் உளியைக் கீழே வைத்தான்.

"நான்தாங்க சார்" என்றாள் சித்ராதேவி. "இவனை அடைக்கச் சொன்னது நான். எடுக்கச் சொல்ல மறந்ததும் நான்." பதிவேட்டை விரித்து வைத்தாள். "இந்த நாலு கையெழுத்தும் பொய்யி. ஒரு தடவைகூட நான் மாடி ஏறலை."

சொல்லும்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது. பத்து வருசம் அடுத்தவர் தைத்ததில் குற்றம் கண்டுபிடித்தவள், இப்போது தன் குற்றத்தைத் தானே விரித்துக் காட்ட வேண்டியிருந்தது. ஆனால் குரல் இறங்கவில்லை.

ராஜவேல் பக்கங்களைப் புரட்டினார். "மெமோ குடுக்காம விட முடியாதுங்க. இன்க்ரிமென்ட் நின்னு போகும்."

"குடுங்க சார், வாங்கிக்கிறேன். ஃபைலை மட்டும் நிறுத்துங்க." வாய் சும்மா இருந்ததா? இல்லை. "அப்புறம் சார், இடிக்கலாம்னு எழுதறதுக்கு முன்னாடி நீங்களும் மாடி ஏறலீங்களே?"

ராஜவேல் முகம் மூட்டைத் துணி நிறத்துக்குப் போய்விட்டது. நேரே மாடி ஏறினார். கால்மணி நேரம் கழித்து இறங்கி வந்து, அங்கேயே உட்கார்ந்து அறிக்கையை மாற்றி எழுதினார். கட்டடம் நன்றாக இருக்கிறது, மாடித் தட்டோடுகளின் இடுக்குகளை அடைத்துப் பூசினால் போதும்.

பூச்சு வேலையைத் தொடங்கிவிட்டு, அன்று மாலையே சித்ராதேவி மற்ற மாடிகளில் ஏற ஆரம்பித்தாள். திங்கள்கிழமைக்குள் முப்பதையும் முடித்துவிட்டாள். ஏழு கட்டடத்தில் குழாய் வாயில் பனியன் துணி இருந்தது. அந்த ஏழிலும் அதை வைத்த புண்ணியவான் யாரென்று அவள் விசாரிக்கவில்லை. விசாரிக்கும் யோக்கியதை தனக்கு இல்லை என்று அவளுக்கே தெரியும். எடுத்தாள், எழுதினாள், இந்த முறை நிஜமாகவே கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கே மெமோவும் வந்தது. ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். எடுக்கலாம் என்று பதில் எழுதினாள்.

புதன்கிழமை விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. குழாய் வழியே தண்ணீர் வாசலில், சந்தனமும் பன்னீரும் வைத்த வரவேற்பு மேசை அருகே, அருவியாகக் கொட்டியது. மாப்பிள்ளை வீட்டார் பன்னீர் தெளிக்காமலே நனைந்தார்கள். பாண்டியம்மாளின் தம்பி எங்கிருந்தோ ஒரு கட்டு பனியன் துணியோடு ஓடி வந்தான்.

"யக்கா, மாடிச் சாவியைக் குடுங்க. தாலி கட்டி முடியுற மட்டும் அடைச்சு வச்சிட்டு எடுத்துருவோம். ஒரு மணி நேரந்தான்!"

சித்ராதேவி பட்டுச்சேலையில் வந்திருந்தாள். சாவி இடுப்பில் இருந்தது.

"மாப்பிள்ளை நனைஞ்சா இந்தத் துணியாலேயே துவட்டு. அதுக்குத்தான் இது" என்று சொல்லிவிட்டு, மேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். "வாயைப் பாத்துட்டு நிக்காம அந்தப் பக்கம் தூக்கு."

மேசை நாலடி தள்ளிப் போனது. அத்தோடு வரவேற்புப் பிரச்சினை தீர்ந்தது. இரண்டு வருசத்துக்கு முன்னால் அந்த வரிசையையும் இப்படி நாலடி தள்ளி நிற்கச் சொல்லியிருந்தால் போதுமே என்று நினைத்து, சித்ராதேவி தன்னையே ஒரு திட்டு திட்டிக்கொண்டாள்.

உள்ளே கெட்டிமேளம் முழங்கியது. வெளியே குழாய் அதோடு போட்டி போட்டுக் கொட்டியது. மாடி இடுக்குகளையும், கூரையில் கொத்திய மூன்று இடத்தையும் பூசியாகிவிட்டது, வெள்ளையடிக்கத்தான் நேரமில்லை. கறை அப்படியே இருந்தது. சித்ராதேவி மேடையேறி, மணமக்களுக்குப் பின்னால், அந்தக் கறைக்கு நேர் கீழே போய் நின்றுகொண்டாள். ஆஷா கழுத்தில் தாலி ஏறியது. கூட்டம் முழுக்கக் கையை வீசியது. சித்ராதேவி அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள். அவள் தலையில் விழுந்தது அட்சதை மட்டும்தான்.