சுண்ணாம்பு குழுவின் ஒரே கச்சேரி

என் வீட்டில் எண்ணூற்றுப் பன்னிரண்டு கேசட்டுகள் இருக்கின்றன. எல்லாமே ராக் இசை, எல்லாமே மேடையில் வாசிக்கும்போதே பதிந்தவை. கடையில் விற்கிற கேசட் ஒன்றுகூடக் கிடையாது. ஸ்டுடியோவில் உட்கார்ந்து பத்து முறை திருத்திப் பாடியதைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. பெரம்பலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கிறவனுக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று பலர் கேட்டுவிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சிக்காகப் பெங்களூர் அனுப்பினார்கள். அங்கே ஒரு கல்லூரி மைதானத்தில் கிதாரை அலறவிட்டுக்கொண்டிருந்தார்கள். நின்று கேட்டேன். அவ்வளவுதான்.

இந்தப் பைத்தியம் உள்ளவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். கோட்டயத்தில் ஒரு பல் டாக்டர், ஷில்லாங்கில் ஒரு வாத்தியார், பெங்களூரில் ஒரு வங்கிக்காரர். இரண்டு வெற்றுக் கேசட் தபாலில் அனுப்பினால் ஒன்றில் பதிந்து திருப்பி அனுப்புவார்கள், மற்றது அவர்களுக்கு. விற்கக் கூடாது. எங்கே, எப்போது, எந்தக் கருவியில் பதிந்தது என்பதை அட்டையில் உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். இதுதான் எங்கள் சட்டம். அட்டையில் பொய் எழுதியவனுக்கு நான் அதற்குப் பிறகு கடிதம் போட்டதில்லை. என் மனைவி லீலாவதி இதை "உங்க சங்கம்" என்பாள். சொல்லும்போது உதடு ஒரு பக்கம் கோணும்.

அந்த எண்ணூற்றுச் சொச்சத்தில் நானே போய்ப் பதிந்தவை ஒன்பது. அதில் நான் மார்தட்டிக்கொண்டது ஒன்றைப் பற்றித்தான். 1997 பொங்கலுக்கு அரியலூரில் சுண்ணாம்பு குழு நடத்திய கச்சேரி. அது அவர்களுடைய முதல் கச்சேரி. கடைசியும் அதுவே.

குழுவில் மூன்று பேர். திருமானூர் காசிநாதன் கிதார் வாசித்துக்கொண்டே பாடுவான். பூலாம்பாடி தங்கராசு டிரம்ஸ். மகேஷ் என்ற பையன் கீபோர்டு. ஒரு சிமெண்ட் ஆலைக் குடியிருப்பின் மைதானத்தில் மேடை போட்டிருந்தார்கள். சினிமாப் பாட்டு வரும் என்று நம்பிக் குடும்பத்தோடு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்த கூட்டம், சுண்ணாம்புக்கல் லாரியைப் பற்றி இவர்களே கட்டிய 'ஒதுங்கு' என்ற முதல் பாட்டைக் கேட்டதும் பாதி எழுந்து போனது. மீதிப் பாதி எழுந்து ஆடியது. ஆடியவர்கள் ஒன்ஸ்மோர் கேட்டுக்கொண்டே இருந்ததால், கடைசியாக அதே பாட்டை மறுபடியும் வாசித்து முடித்தார்கள்.

நான் முதல் வரிசையில், மடியில் டேப் ரிக்கார்டரோடு. மேடையிலிருந்து ஒயர் இழுத்துத் தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். கரண்டில் போட்டால் 'ம்ம்' என்று ஒரு முனகல் பதிவில் சேர்ந்துகொள்ளும். பேட்டரிதான் சுத்தம். இந்த உபதேசத்தைப் பக்கத்தில் இருந்த நாலு பேருக்கு, அவர்கள் கேட்காமலே செய்தேன்.

குழு உடைந்ததும் அந்தக் கேசட்டால்தான். அதன் நகல் ஒன்றைத் திருச்சியில் ஒரு கல்லூரிப் போட்டிக்கு அனுப்பினார்கள். குரல் அபாரம், ஆனால் டிரம்ஸ் ஓடுகிறது, போகப் போக வேகம் கூடித் தாளம் நிற்கவில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. காசிநாதனும் தங்கராசுவும் என் வீட்டுக்கு வந்தார்கள். மகேஷ் அதற்குள் சிங்கப்பூர் போய்விட்டிருந்தான். மூல கேசட்டையே போட்டுக் காட்டினேன். முதல் பாட்டு நிதானமாக இருந்தது, கடைசிப் பாட்டு உண்மையாகவே ஓடியது.

"நான் ஓட்டல சார். சத்தியமா ஓட்டல" என்றான் தங்கராசு.

"அப்ப இதுல வாசிச்சிருக்கறது ஒங்க மாமனா?" என்றான் காசிநாதன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். இந்த விஷயத்தில் பெரம்பலூர் மாவட்டத்துக்கே நான்தான் நீதிபதி என்று எனக்கு ஒரு நினைப்பு.

"டேப்பு பொய் சொல்லாது தம்பி" என்றேன்.

தங்கராசு காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். டிரம்ஸை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டான் என்றும், பூலாம்பாடியில் டிராக்டர் பட்டறை வைத்துவிட்டான் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். ஆறு வயதிலிருந்து தகர டப்பாவில் தட்டிப் பழகிய பையன். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் தாளம் ஓடினால் ஓடியதுதான் என்று இருந்துவிட்டேன்.

காசிநாதனுக்கு அந்த வருத்தம்கூட இல்லை. திருமானூரில் உரக்கடை வைத்தான். கடைக்கு யூரியா வாங்க வருகிறவர்களுக்கு அந்தக் கடைசிப் பாட்டைப் போட்டுக் காட்டுவான். "கூட்டத்தப் பாத்ததும் எனக்கே தெரியாம ஒரு ஸ்வரம் மேல போயிட்டேன் பாருங்க" என்பான். நகல் கேட்டு அவனிடம் போனவர்களில் பாதிப் பேர் அந்த உச்சக் குரலுக்காகவே போனவர்கள்.

2006-இல் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். பெங்களூர் வங்கிக்காரர், சுண்ணாம்பு கச்சேரியைச் சுத்தம் செய்து குறுந்தகட்டில் அனுப்பும்படி இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு மாதம் லீவு நாளெல்லாம் அதில் உட்கார்ந்தேன். டேப்பின் 'ஸ்ஸ்' இரைச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தேன். இப்படி உட்கார்ந்திருப்பதைப் போலச் சுகம் எனக்கு வேறு இல்லை. முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் ஒரே அளவில் சுத்தம் செய்ய வேண்டும் என்று திரையில் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தேன். முதலில் வாசித்த 'ஒதுங்கு' நாலு நிமிடம் பத்து நொடி. கடைசியில் வாசித்தது மூன்று நிமிடம் நாற்பத்து மூன்று நொடி. அதுதான் தெரிந்த கதையாயிற்றே என்று போட்டுக் கேட்டேன்.

அந்தப் பாட்டைக் கீபோர்டு தனியாகத் தொடங்கும். கடைசிப் பாட்டில் அந்தக் கீபோர்டு ஒரு முழு ஸ்வரம் மேலே இருந்தது.

கை ஓடலாம், குரல் ஏறலாம். கீபோர்டுக்குக் கூட்டத்தைப் பார்த்து உற்சாகம் வராது. மகேஷ் ஒருவேளை சுருதியை மாற்றி வைத்திருப்பானோ என்று நடுவில் இருந்த பாட்டுகளையும் கேட்டேன். பாட்டுக்குப் பாட்டு கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போனது. பாட்டுகளுக்கு இடையில் மைக்கில் வண்டி எண் சொல்லி நகர்த்தச் சொல்கிற ஆலை அதிகாரியின் குரலும் ஏறியிருந்தது. தொடக்கத்தில் கட்டைக் குரலில் பேசிய மனிதர் கடைசியில் தன் சம்சாரத்தின் குரலில் பேசினார். ஒன்பது வருடமாக அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேனே தவிர, ஏன் என்று யோசித்ததில்லை.

பேட்டரி இளைத்தால் டேப் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றிய டேப்பில் பதிந்ததை வீட்டில் கரண்டில் சரியான வேகத்தில் ஓட்டினால் எல்லாமே விரைவாகவும் கீச்சென்றும் கேட்கும். இது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. ஆனால் என் பேட்டரி எப்படி இளைத்திருக்கும்? அட்டையில் என் கையெழுத்தில் 'புது பேட்டரி ஆறு' என்று இருந்தது.

கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த லீலாவதியிடம் போய்ச் சொன்னேன்.

"புதுசா?" என்றாள். "பொங்கலுக்குக் கடையெல்லாம் அடைச்சிட்டான்னு, ரேடியோவுல இருந்த பழசக் கழட்டி மாடியில என் மொளகா பக்கத்துல ரெண்டு நாள் காய வச்சது யாருங்க? மொளகாய அள்ளும்போது ஒண்ணு உருண்டு வந்து கால்ல விழுந்துச்சு. இன்னும் எனக்கு நெனப்பு இருக்கு."

எனக்கும் நினைப்பு வந்துவிட்டது. அப்போதெல்லாம் எல்லோரும் செய்கிற காரியம்தான். வெயிலில் காய்ந்த பேட்டரி கொஞ்ச நேரம் புதிதைப் போல ஓடும், பிறகு படுத்துவிடும். காயவைத்த பேட்டரி என்று எழுத அன்றைக்குக் கை கூசியிருக்கும். புது பேட்டரி என்று எழுதிவிட்டேன். பிறகு நானே அதை நம்பியும்விட்டேன்.

வேகத்தைத் திருத்துவது கம்ப்யூட்டரில் பெரிய வேலை இல்லை. இரண்டு நாளில் முடித்தேன். தங்கராசுவின் கை முதல் பாட்டில் எப்படி இருந்ததோ அப்படியே கடைசிப் பாட்டிலும் இருந்தது. யாருக்கும் சொல்லாமல் அப்படியே பெங்களூருக்கு அனுப்பிவிடலாமா என்றும் பார்த்தேன். கேட்பவர்கள் நல்ல பதிவு என்பார்கள், என் பெயரும் கெடாது. மூன்று நாள் இந்த யோசனையிலேயே சாப்பிட்டேன், சரியாக இறங்கவில்லை. பிறர் எழுதிய அட்டையில் பொய் இருந்தால் அவன் முகத்தில் விழிக்காதவன் நான்.

"பெங்களூர்க்காரரு கெடக்காரு. தங்கராசுகிட்ட யாரு சொல்றது?" என்றாள் லீலாவதி, குழம்பை ஊற்றிக்கொண்டே.

தனியாகப் போக எனக்குத் தைரியம் இல்லை என்பதே உண்மை. அதனால் முதலில் திருமானூர் போனேன். உரக்கடையில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, கையோடு கொண்டுபோன குறுந்தகட்டைக் காசிநாதனுக்குப் போட்டுக் காட்டினேன். மிளகாய் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப என் உச்சம்?" என்றான்.

"அது பேட்டரியோடது காசி."

அவன் திரும்பவும் போடச் சொன்னான். அதே பாட்டு, ஒரு ஸ்வரம் கீழே, கொஞ்சம் கரகரப்பாக. நல்ல குரல்தான். ஆனால் யூரியா வாங்க வந்தவர்களை நிறுத்தி வைத்துக் காட்டுகிற குரல் இல்லை. வந்த ஆளுக்கு மூட்டையை எடுத்துக் கொடுத்தான். இன்னொரு முறை போடச் சொன்னான். இந்த முறை அவன் தலை குனிந்திருந்தது, விரல் மேசையில் தாளம் போட்டது. இத்தனை வருடத்தில் அவன் தன் குரலைத் தவிர இன்னொன்றையும் அந்தக் கேசட்டில் கேட்பது அதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன்.

"என்னா ஸ்டெடியா வாசிச்சிருக்கான் சார்" என்றான். கடைச் சாவியை எடுத்தான். "கெளம்புங்க, பூலாம்பாடி போவோம்."

அரியலூரில் ஒரு பஸ் மாறினோம், பெரம்பலூரில் ஒரு பஸ் மாறினோம். மூன்று பஸ்ஸிலும் டிக்கெட்டைக் காசிநாதனே எடுத்தான்.

தங்கராசு ஒரு டிராக்டரின் அடியில் இருந்தான். எங்களைப் பார்த்து வெளியே வந்தான். முகத்தில் கோபம் இல்லை, விருந்தாளியைப் பார்க்கிற மரியாதைதான் இருந்தது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. நான் நின்றபடியே சொன்னேன். பட்டறையில் பாட்டுக் கேட்க வைத்திருந்த பெட்டியில் குறுந்தகட்டைப் போட்டேன். கடைசிப் பாட்டு ஓடி முடிகிற வரை அவன் கையில் இருந்த துணியால் ஒரே விரலைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மொதல்ல ஒரு வருசம், நான் ஓட்டல ஓட்டலன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தேன் சார்" என்றான். "காசி குடுத்த கேசட்டு ஒண்ணு எங்கிட்ட கெடந்துச்சு. அதக் கேட்டுக் கேட்டு, அப்புறம் நானே நம்பிட்டேன். எங்கையில தாளம் நிக்காதுன்னு."

"டேப்பு பொய் சொல்லும் தங்கராசு. நான் சொன்னதுதான் தப்பு. என்னோட தப்பு" என்றேன். குறுந்தகட்டின் அட்டையிலும் அதைத்தான் எழுதியிருக்கிறேன் என்று காட்டினேன். காயவைத்த பேட்டரி, வேகம் குறைந்தது, பிழை குருமூர்த்தியுடையது என்று என் பெயரைப் போட்டே எழுதியிருந்தேன்.

அவன் அதைப் படித்துவிட்டுக் காசிநாதனைப் பார்த்தான்.

"உனுக்கு உச்சம் போச்சேடா" என்றான்.

"போனாப் போவுது. எனக்குக் கேக்கத் தெரியல, ஒன்னயப் போயி சொல்லிட்டேன்" என்றான் காசிநாதன். மூட்டை தூக்கிப் பழகிய தோள் குலுங்கியது.

தங்கராசு அவன் தோளில் கை வைக்கவில்லை. பட்டறைப் பையனை டீக்கு அனுப்பினான். எங்களுக்கு இரண்டு ஸ்டூல் இழுத்துப் போட்டான். பிறகு பெட்டியில் பாட்டை முதலிலிருந்து வைத்தான். டீ வந்தது, குடித்தோம். கழற்றிப் போட்டிருந்த டிராக்டர் மட்கார்டின் மேல் அவனுடைய இரண்டு கையும் தாமாகவே தட்ட ஆரம்பித்தன. ஒவ்வொரு பாட்டாக, ஒரு மணி நேரக் கச்சேரி முழுவதும் தட்டினான். கடைசி 'ஒதுங்கு' வந்ததும் நானும் காசிநாதனும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். தங்கராசு கண்ணை மூடியிருந்தான். பாட்டு முடிகிற வரைக்கும் அவன் கை ஓடவே இல்லை.